சமையலறையில் பிறந்த சரித்திரம்

சுற்றிலும் மக்காச்சோளக் காடு. நடுவே ஒரு வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே குதிரைகளைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வீட்டில் அந்த அம்மாள் ஒருத்திதான். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை.

வேலைக்கு நடுவில் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரி மேல் இருக்கும் ரேடியோப் பெட்டியைத் திருகுகிறாள். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. அடுத்த வீட்டு அக்காள் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு. இன்றைக்கு வீட்டில் என்ன பலகாரம், சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா, தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறது அந்தக் குரல். கேட்பவளும் மனத்துக்குள் பதில் சொல்கிறாள். அரை மணி நேரம் அவளுக்குத் துணை கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே ஷெனண்டோவா என்ற சிற்றூரிலிருந்து 1926-ம் ஆண்டில் கேட்கத் தொடங்கியது இந்தக் குரல். அதற்கு உரியவர் திருமதி லியானா டிரிப்ட்மியர். ஏழு பிள்ளைகளின் தாய். நாற்பத்து நான்காவது வயதில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் உட்கார நேர்ந்தவர். அந்த நாற்காலியிலிருந்தே ஒரு வானொலி நிகழ்ச்சியையும், ஒரு மாதப் பத்திரிகையையும், ஒரு வியாபாரத்தையும் நடத்தியவர். அவர் தொடங்கிய நிகழ்ச்சி அறுபது ஆண்டுக் காலம் நிலைத்தது. இவற்றையெல்லாம்விட இன்னொரு பெரிய காரியமும் அந்த வீட்டில் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விதை விற்ற அண்ணன்

லியானாவின் கதை அவருடைய அண்ணனிடமிருந்து தொடங்குகிறது. அண்ணன் பெயர் ஹென்றி பீல்டு. 1871-ம் ஆண்டு ஷெனண்டோவாவுக்கு அருகே பிறந்தவர். அந்த ஊரே அதற்கு முந்திய ஆண்டில்தான் உண்டாகியிருந்தது. ஊரும் பிள்ளையும் சேர்ந்தே வளர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

ஹென்றிக்குச் சின்ன வயதிலேயே விதைப் பைத்தியம். விதைக் கம்பெனிகளின் விலைப் பட்டியலை அவருடைய தாயார் கதைப் புத்தகம் போலப் படித்துக் காட்டுவாராம். பள்ளிக்குப் போகும் வயதிலேயே விதைகளைப் பொட்டலம் கட்டிச் சொந்த அத்தைக்கு விற்றுவிட்டான் பையன் என்று குடும்பத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். வளர்ந்த பிறகு காய்கறி பயிரிட்டார். வீடு வீடாகப் போய் விதை விற்றார். 1907-ம் ஆண்டில் அதை ஒரு கம்பெனி ஆக்கினார். பட்டியலைத் தபாலில் அனுப்புவது, வந்த ஆர்டருக்கு விதையைத் தபாலில் அனுப்புவது என்று வியாபாரம் வளர்ந்தது.

அந்தப் பட்டியல்களில் அவர் எழுதிய தமிழைப் போல — தப்பு, தப்பு, ஆங்கிலத்தைப் போல — எளிய எழுத்து வேறு எங்கும் கிடையாது என்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுவது போலவே எழுதுவார். பின்னால் ரேடியோவிலும் அப்படியே பேசினார். அவருடைய வெற்றியின் ரகசியம் அதுதான்.

பீல்டு குடும்பத்தில் மொத்தம் ஏழு பிள்ளைகள். ஹென்றியைத் தவிர மற்றவர்களும் சாமானியர் அல்லர். தங்கை ஜெஸ்ஸி பள்ளிக்கூட ஆசிரியை. 1901-ம் ஆண்டில், பாடம் முடிந்த பிறகு பையன்களுக்குச் சோளச் சங்கமும் பெண்களுக்கு வீட்டுக்கலைச் சங்கமும் அமைத்தார். இன்று உலகத்தின் பல நாடுகளில் இருக்கும் "நான்கு எச்" என்ற கிராமச் சிறுவர் இயக்கத்துக்கு அவரைத் தாய் என்று கொண்டாடுகிறார்கள். தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் "எச்" என்ற எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் அது. இன்னொரு தங்கை ஹெலன் பூந்தோட்டக் கலையில் கைதேர்ந்தவர். லியானா 1886-ம் ஆண்டில் பிறந்தார். அண்ணனுக்கும் இவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம்.

காற்றில் ஒரு கடை

1920-க்குப் பிறகு அமெரிக்காவில் ரேடியோ மோகம் பிடித்துக்கொண்டது. பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் ஒமாஹா என்ற நகரம் இருக்கிறது. அங்கே இருந்த நிலையத்துக்கு ஹென்றி தம் ஊர்ப் பாட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாட வைத்தார். நகரத்துச் சங்கீதம் அல்ல. நாட்டுப்புறத்துப் பிடில் வாத்தியமும் பழைய கோயில் பாட்டுகளும்தான். கடிதங்கள் வந்து குவிந்தன. ஹென்றி யோசித்தார். ஒரு பட்டியலை ஒரு வீட்டுக்கு அனுப்பத் தபால் செலவு ஆகிறது. காற்றில் பேசினால் ஆயிரம் வீட்டுக்கும் ஒரே செலவுதானே!

1924-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஷெனண்டோவாவில் விதைக் கம்பெனியின் கட்டடத்திலேயே சொந்த நிலையம் தொடங்கிவிட்டார். அதற்குக் "கே.எப்.என்.எப்." என்று பெயர். அரசாங்கம் கொடுத்த எழுத்துக்கள் இவை. "சிநேகமாய் இரு, ஒருநாளும் முகம் சுளிக்காதே" என்று பொருள்படும்படி அந்த எழுத்துக்களை வைத்து ஓர் ஆங்கில வாசகமும் உண்டாக்கிக்கொண்டார்கள்.

நிலையத்தின் சக்தி 500 வாட்தான். ஆனாலும் இரவில் அது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலும் கேட்டது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வானத்தில் மிக உயரத்தில் ஓர் அடுக்கு உண்டு. அது முகம் பார்க்கும் கண்ணாடி போல ரேடியோ அலைகளைப் பூமிக்கே திருப்பி அனுப்பும். பகலில் வெயிலினால் உண்டாகும் இன்னொரு கீழடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் கீழடுக்கு கலைந்துவிடும். அலைகள் தடையில்லாமல் மேலே போய்த் திரும்பி வரும். அதனால்தான் இரவில் தூரத்து நிலையங்கள் கேட்கின்றன.

அதே 1924-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி நம் சென்னையிலும் வானொலி ஒலித்தது. திரு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய "மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்" நடத்திய ஒலிபரப்பு அது. இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று. ஆனால் 1927-ல் பணம் இல்லாமல் நின்றுபோயிற்று. அந்தக் கருவிகளைக் கொண்டு சென்னை நகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பு நடத்தியது.

சென்னையில் நின்றது, ஷெனண்டோவாவில் எப்படி நின்று பிடித்தது? ரேடியோ கிளப் கேட்பவர்களின் சந்தாவை நம்பியிருந்தது. ஹென்றிக்கோ விற்பதற்கு விதை இருந்தது. விதையோடு நின்றாரா? செருப்பு, மோட்டார் டயர், காப்பி, உலர்ந்த பழம் என்று கண்டதையெல்லாம் ரேடியோவில் சொல்லி விற்றார். அன்று மந்திரியாகவும் பின்னால் ஜனாதிபதியாகவும் இருந்த ஹெர்பர்ட் ஹூவர் போன்றவர்கள் ரேடியோவில் வியாபாரம் கூடாது என்றார்கள். கிராமத்து ஜனங்களோ ஹென்றியின் பேச்சை விரும்பிக் கேட்டார்கள். கேட்டவற்றை வாங்கவும் வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டிலேயே அதே ஊரில் இன்னொரு விதை வியாபாரி போட்டிக்கு வந்தார். ஏர்ல் மே என்று பெயர். 1925-ல் "கே.எம்.ஏ." என்ற நிலையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, ஒரு ரேடியோப் பத்திரிகை நடத்திய போட்டியில் அமெரிக்காவிலேயே ஜனங்களுக்கு மிகவும் பிடித்த அறிவிப்பாளர் என்று நாலரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கித் தங்கக் கோப்பை பெற்றார். சிறிய ஊருக்கு இரண்டு வானொலி நிலையம்! ரேடியோவில் கேட்ட முகங்களை நேரில் பார்க்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். திருவிழா நாட்களில் வந்தவர்களுக்கு நம் ஆப்பம் போன்ற "பான்கேக்" சுட்டுப் போட்டார்கள். பின்னால் உலகப் புகழ் பெற்ற பாடகர்களான எவர்லி சகோதரர்கள் சிறுவர்களாகப் பாடிப் பழகியதும் இந்த ஊர் ரேடியோவில்தான்.

அக்காள் விட்ட இடம்

ஆண்கள் விதையும் டயரும் விற்றார்கள் சரி. பெண்களுக்கு என்ன? ஹென்றி தம் தங்கை ஹெலனைப் பேசச் சொன்னார். அவர் பூச்செடிகளைப் பற்றியும் வீட்டு விஷயங்களைப் பற்றியும் பேசினார். 1926-ம் ஆண்டில் ஹெலன் தாய்மார் நிகழ்ச்சியைத் தம் தங்கை லியானாவிடம் ஒப்படைத்தார்.

லியானாவுக்கு அப்போது வயது நாற்பது. மேடை ஏறியவர் அல்லர். ஆனால் வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஏழு பேரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1913-ம் ஆண்டில் லியானா, மார்ட்டின் டிரிப்ட்மியர் என்பவரை மணந்தார். மார்ட்டினுக்கு அது இரண்டாவது திருமணம். முதல் மனைவி இறந்துவிட்டார். ஹோவர்டு என்ற பையனும் லூசில் என்ற பெண் குழந்தையும் தாயில்லாப் பிள்ளைகளாக இருந்தார்கள். புது மனைவியாக வந்த லியானா அந்த இரண்டு குழந்தைகளுக்கும் அன்றே தாய் ஆனார். பிறகு அவருக்கே ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஆக ஏழு. ரேடியோவில் அவர் "என் பிள்ளைகள்" என்று சொன்னபோது அதில் ஏழு பேரும் அடக்கம்.

ரேடியோவில் என்ன பேசுவது? தெரிந்ததைத்தான் பேசினார். குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் என்ன செய்வது? மிஞ்சிய ரொட்டியை எப்படிப் பலகாரம் ஆக்குவது? பழைய சட்டையைச் சின்னவனுக்கு எப்படி வெட்டித் தைப்பது? சமையல் குறிப்பு சொல்லும்போது மட்டும் நிதானமாகச் சொல்வார். கேட்பவர்கள் பென்சிலும் காகிதமும் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்ல மாணவர்கள் எழுதுவது போல, பல மாநிலங்களின் சமையலறைகளில் ஒரே நேரத்தில் பென்சில் ஓடியது.

அந்த நாளில் கிராமத்தில் ரேடியோ கேட்பதே ஒரு பாடு. 1935-ம் ஆண்டு வாக்கில்கூட அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்ற வீடுகளில் பாட்டரி போட்டுத்தான் கேட்பார்கள். பாட்டரி தீர்ந்தால் காசு. எனவே எதைக் கேட்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்ப்பார்கள். அப்படிக் கணக்குப் பார்த்தும் விடாமல் கேட்ட பேச்சு லியானாவின் பேச்சு.

இடி போல வந்த விபத்து

1930-ம் ஆண்டில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. லியானா போன மோட்டார் கார் விபத்துக்கு உள்ளாயிற்று. அவருடைய முதுகெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், நடை போயிற்று. அதன் பின் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான்.

வீட்டிலோ ஏழு பிள்ளைகள். நாட்டிலோ பணமுடை. ஓடியாடி வேலை செய்த குடும்பத் தலைவி இப்படி விழுந்துவிட்டால் வீடு என்ன ஆகும்? நம் வீடுகளில் நினைத்துப் பார்த்தாலே நெஞ்சு பதறும்.

லியானா பேச்சை விடவில்லை. நிலையத்துக்கு அவரால் போக முடியாது என்றால் மைக்கை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் போகிறது! கம்பி இழுத்து அவருடைய வீட்டிலேயே ஒலிபரப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். சமையலறை மேஜைக்கு முன்னால் சக்கர நாற்காலி. மேஜை மேல் மைக். பாத்திரம் உருளும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும், வீட்டுக்கு வந்தவர்களின் பேச்சும் காற்றில் போகும். அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. கேட்பவர்கள் வீட்டிலும் அதே சத்தம்தானே! நிகழ்ச்சிக்குப் பின்னால் நிலைத்த பெயரும் "கிச்சன் கிளாட்டர்" என்பதுதான். சமையலறைச் சத்தம் என்று பொருள்.

கால் இழந்த ஒருத்தி தினமும் சிரித்துப் பேசுகிறாள் என்பது, எங்கோ காட்டு வீட்டில் உட்கார்ந்து கேட்கும் பெண்ணுக்கு எத்தனை தைரியம் கொடுத்திருக்கும்! தன் கஷ்டத்தை லியானா மறைக்கவும் இல்லை; அதையே சொல்லி அழவும் இல்லை. கதையோடு கதையாக அதுவும் வரும், போகும்.

வியாபாரமா, பாசமா?

சமையல் குறிப்புக் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியுமா? சில தாள்களில் அச்சுப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாள்களே வளர்ந்து ஒரு மாதப் பத்திரிகை ஆயின. அதற்கும் "கிச்சன் கிளாட்டர்" என்றே பெயர். பத்திரிகையைத் திறந்தால் முதலில் லியானாவின் கடிதம் இருக்கும். பின்னால் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் வரும். பண்ணைக்கு வாழ்க்கைப்பட்ட மகள் டாரதி அங்கிருந்து எழுதுவார். எகிப்து நாட்டில் அஸ்யூத் என்ற ஊரின் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்த மகன் பிரெடரிக் அந்த நாட்டுக் காட்சிகளை எழுதுவார். கூடவே குடும்பப் புகைப்படங்கள். நேரில் ஒருநாளும் பார்க்காத பெண்களுக்கெல்லாம் அந்த ஏழு பிள்ளைகளும் சொந்த அக்காள் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

பிற்காலத்தில் பலகாரத்தில் சேர்க்கும் வாசனைச் சாறுகளையும், வீடு துப்புரவு செய்யும் பொருள்களையும் "கிச்சன் கிளாட்டர்" பெயரிலேயே விற்றார்கள். ரேடியோவில் குடும்பக் கதை. நடுவில் வாசனைச் சாறு விளம்பரம். மறுபடி குடும்பக் கதை. இது பாசமா, வியாபாரமா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டும்தான் என்பதே உண்மை. அண்ணனிடம் கற்ற பாடத்தைத் தங்கை மறக்கவில்லை. காற்றில் பேச்சு நிலைக்க வேண்டுமானால் பூமியில் ஏதாவது விற்றாக வேண்டும். ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்கு விற்பதில் ஓர் ஆபத்து உண்டு. சரக்கு கெட்டுப்போனால் சிநேகமும் கெட்டுப்போகும். அதனால் தம் வீட்டு அடுப்பில் செய்து பார்த்ததையே சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது. வியாபாரத்துக்குப் பாசம் காவல். பாசத்துக்கு வியாபாரம் சோறு. இந்தக் கணக்கு அந்த வீட்டில் பல ஆண்டுகள் சரியாகவே வந்தது.

பஞ்சமும் போரும்

அமெரிக்காவில் 1930-க்குப் பின் வந்த ஆண்டுகள் கொடுமையானவை. விளைந்த சோளத்துக்கு விலை இல்லை. 1932-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிலக்கரி வாங்கக் காசில்லாமல் சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்த விவசாயிகள் அயோவாவில் உண்டு. அந்தச் சமயத்தில் விருந்துச் சமையலைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? குறைந்த செலவில் குடும்பத்தை ஓட்டும் வழிதான் எல்லாத் தாய்மாருக்கும் வேண்டியிருந்தது.

அண்ணன் ஹென்றிக்கும் சோதனை வந்தது. 1932-ல் அமெரிக்க மேல்சபைத் தேர்தலுக்கு நின்றார். தம் கட்சிக்குள் நடந்த முதல் தேர்தலில், பதவியில் இருந்தவரையே தோற்கடித்தார். ரேடியோப் புகழ் கை கொடுத்தது. ஆனால் நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் தோற்றுப்போனார். பொருளாதார முடையில் அவருடைய விதைக் கம்பெனியும் அவர் கையைவிட்டு நழுவிக் கடன் கொடுத்தவர்கள் வசம் போயிற்று. ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர் தாம் கட்டிய மாளிகையைப் பிறர் ஆளப் பார்த்தார். 1949-ம் ஆண்டில் காலமானார்.

பிறகு இரண்டாவது உலகப் போர் வந்தது. லியானாவின் மகன்கள் படைக்குப் போனார்கள். 1942-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து சர்க்கரைக்கு ரேஷன். கேட்கும் பெண்களில் எத்தனையோ பேருடைய மகன்களும் போர்முனையில் இருந்தார்கள். தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்ற தாய்மாருக்கு, அவர்களைப் போலவே காத்திருக்கும் இன்னொரு தாய் ரேடியோவில் பேசினார். யாருக்கு யார் ஆறுதல் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1954-ம் ஆண்டில் அயோவா மாநிலத்தின் "ஆண்டின் சிறந்த தாய்" என்ற பட்டம் லியானாவுக்குக் கிடைத்தது.

மூத்தாள் மகள் எழுதிய கதை

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தப் பெரிய காரியம் இதுதான்.

குடும்பத்தில் மூத்த பெண் லூசில். முதல் மனைவி பெற்ற மகள். நம் ஊர்க் கதைகளில் மூத்தாள் பிள்ளைகள் என்றாலே சிற்றன்னை கொடுமைதான் நினைவுக்கு வரும். இந்த வீட்டில் நடந்தது வேறு. லியானாவுக்கு உடல் தளர்ந்தபோது ரேடியோவில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் லூசில். பத்திரிகைக்குத் தூணாக நின்றவரும் அவர்தான். பின்னால் தங்கை மார்ஜரியும் சேர்ந்துகொண்டார். அம்மா தொடங்கிய பேச்சைப் பெண்கள் நடத்தினார்கள்.

அந்த லூசில் ஒருநாள் பேனா எடுத்து, குடும்பத்தின் கதையை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். தாத்தா பாட்டி வெறும் புல்வெளியில் வந்து வீடு கட்டியது, பிள்ளைகள் வளர்ந்தது, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு திசையாகப் போனது என்று எல்லாம் அதில் வந்தது. "ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் கதை" என்று பெயர் வைத்தார். பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகவும் வெளிவந்தது.

ராஜா இல்லை, மந்திரி இல்லை, யுத்தம் ஜெயித்த கதையும் இல்லை. சாதாரணக் குடும்பம். அதை யார் படிப்பார்கள்? படித்தார்கள். ஒவ்வொரு மாதமும் தபாலுக்குக் காத்திருந்து படித்தார்கள். ஏனென்றால் அது அவர்களுடைய குடும்பத்தின் கதையாகவும் இருந்தது. அவர்கள் தாத்தாவும் அதே புல்வெளிக்குத்தான் வந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் கதையை எழுத யாருக்கு உரிமை? வயிற்றில் பிறந்தவர்களுக்கு மட்டுமா? லியானாவின் ஐந்து பிள்ளைகள் இருந்தும், பீல்டு வம்சத்தின் கதையை முழுதாக எழுதி வைத்தவள், பீல்டு ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத மூத்தாள் மகள். வளர்த்த தாய்க்கு அந்தப் பெண் கட்டிய கோயில் என்று அந்தப் புத்தகத்தைச் சொல்லலாம்.

மிஞ்சியது எது?

லியானா 1976-ம் ஆண்டில், தொண்ணூறு வயதில் காலமானார். வானொலி நிகழ்ச்சி 1980-க்கும் 1990-க்கும் நடுவே ஓய்ந்தது, பத்திரிகையும் நின்றது. கிராமத்துக்கு மின்சாரம் வந்து, தொலைபேசி வந்து, டெலிவிஷன் வந்து, பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, பகலில் தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்ட பெண்கள் குறைந்துபோனார்கள். குரல் ஓய்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஹென்றியின் கம்பெனி கை மாறியது. லியானாவின் குரல் காற்றோடு போயிற்று. தினமும் அரை மணி நேரமாகப் பல ஆண்டுகள் பேசிய பேச்சில் பெரும்பகுதியை இனி யாரும் கேட்க முடியாது. மிஞ்சியது எழுதி வைத்தது மட்டும்தான். பாட்டி கையால் எழுதிய சமையல் குறிப்பு அட்டைகள். நூல் போட்டுக் கட்டி வைத்த பழைய பத்திரிகைகள். லூசில் எழுதிய புத்தகம்.

நம் வீடுகளிலும் லியானாக்கள் இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தோம், எந்தப் பஞ்சத்தில் எதை விற்றோம், கொள்ளுத் தாத்தாவுக்குக் கண் தெரியாமல் போனது எப்படி, பெரிய அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே பாட்டி சொல்லுவாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். பாட்டி போன பிறகு, அந்த அத்தையின் பெயர் என்ன என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம். பதில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு வானொலி நிலையம் வேண்டாம். பத்திரிகையும் வேண்டாம். கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அது மகளாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், வளர்ப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டி வீட்டில்தான் இருப்பாள். பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அந்த அத்தையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.